மூன்று நாற்பதுக்கு என் கதிரையில் இருந்தவர்

அருள் இறந்த செய்தியை எனக்குச் சொன்னவர் மோகன் சேர். அவருடைய அலுவலகத்தை விட்டு நான் விலகி நான்கு வருடங்களாகின்றன. அத்தனை காலத்தில் ஒரு தடவைகூட அவர் என்னை அழைத்ததில்லை. அன்று காலை பத்து மணி போல, கட்டுகஸ்தோட்டைச் சந்தையில் மீன் வெட்டித் தரும்வரை காத்து நின்றிருந்தேன். கைப்பேசியில் அவருடைய பெயரைக் கண்டதும் எனக்கு வந்த முதல் நினைப்பை மறைக்காமல் எழுதுகிறேன். அருள் சொல்லிவிட்டார், அதனால்தான் சேர் அழைக்கிறார் என்று நினைத்தேன். உடனே எடுத்தேன்.

"ரிஸானா, நம்ம அருள் போயிட்டாரு," என்றார் சேர். "காலையில வேலைக்குக் கெளம்பும்போது நெஞ்சு வலிக்குதுன்னு சொல்லியிருக்காரு. ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலேயே முடிஞ்சிருச்சு."

இன்னாலில்லாஹி என்று என் வாய் தானாகச் சொன்னது. மீன்காரர் பையை நீட்டினார். அதை வாங்காமலே நடந்தேன். அவர் பின்னாலிருந்து கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். எனக்கு அழுகை வரவில்லை. கோபம் வந்தது. நாற்பத்திரண்டு வயதில் செத்துப்போன ஒரு மனிதர் மீது, செத்துப்போனதற்காகவே கோபம் வந்தது. இனி அவர் சொல்லவே போவதில்லை என்ற எண்ணத்தோடு நான் வீடு வந்து சேர்ந்தேன்.

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களுக்கு அருளை நன்றாகத் தெரியும். வத்தேகம ஆலயத்தில் கிறிஸ்மஸ் காலத்தில் மின்விளக்குக் கட்டியவராக, தோட்டத்துப் பிள்ளைகளின் பரீட்சை விண்ணப்பங்களைச் சலிக்காமல் நிரப்பிக் கொடுத்தவராகத் தெரியும். எனக்கு அவரை ஒரு கணினியின் முன்னால்தான் தெரியும். கண்டியில் ஒரு சப்பாத்துக் கடைக்கு மேல்மாடியில், நானும் அவரும் மூன்றரை வருடம் பக்கத்துப் பக்கத்து மேசையில் இருந்தோம். கடைகளுக்கும் விடுதிகளுக்கும் பாடசாலைகளுக்கும் இணையத்தளம் செய்துகொடுப்பது எங்கள் தொழில்.

நான் சேர்ந்து இரண்டாவது வாரம் நடந்ததை முதலில் சொல்கிறேன். ஒரு விடுதிக்காக நான் செய்த பக்கத்தைத் திறந்தால் கணினி அப்படியே உறைந்துபோனது. ஒரு பக்கம் இயங்குவதற்குப் பின்னால் சின்னச் சின்ன நிரல் கோப்புகள் இருக்கும். அவற்றை ஸ்கிரிப்ட் என்போம். அவற்றைப் பக்கம் திறந்த பிறகு ஒவ்வொன்றாக இழுத்து வந்து சேர்ப்பதற்கு, திரும்பத் திரும்பச் சுற்றும் ஒரு கட்டளை எழுதுவோம். அது லூப். என்னுடைய லூப் எங்கோ மாட்டிக்கொண்டது. காலையிலிருந்து வரிவரியாகப் பார்த்துவிட்டுக் களைத்துப்போயிருந்தேன். அருள் தன் கதிரையை இழுத்துக்கொண்டு வந்தார். திரையைப் பார்க்கவில்லை. கணினியின் மேல் உள்ளங்கையை வைத்தார்.

"கைய வச்சுப் பாருங்க," என்றார்.

சுட்டது. உள்ளே காற்றாடி இரைந்துகொண்டிருந்தது.

"நின்னு போகல. ஓடிக்கிட்டே இருக்கு. நிக்கிறதும் நிக்க முடியாம ஓடுறதும் வெளியில பாக்கிறவங்களுக்கு ஒரே மாதிரிதான் தெரியும்," என்றார். பிறகு ஒரு கேள்வி கேட்டார். "இந்த லூப் எப்ப நிக்கணும்னு எழுதியிருக்கீங்க?"

"பக்கத்துல எத்தனை ஸ்கிரிப்ட் ஈக்கோ, அத்தனையும் முடிஞ்சதும்."

"ஒவ்வொரு சுத்துலயும் நீங்க என்ன செய்றீங்க?"

"ஒரு ஸ்கிரிப்ட் சேர்க்கிறேன்."

சொல்லி முடிக்கும் முன்பே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒன்றைக் கடந்தால் இன்னொன்று கூடுகிறது. எண்ணி முடிக்கவே முடியாது. சுற்றத் தொடங்கும் முன்பே எண்ணிக்கையை ஒரு தடவை எடுத்து வைத்துக்கொண்டால் போதும். ஒரு வரி மாற்றம். அருளும் சிரித்தார். பிழையை அவரே கண்டிருந்தும் அதை என் வாயால் சொல்லவைத்தார். எல்லோரிடமும் அப்படித்தான் நடந்துகொள்வார். பிழை விட்டவரைச் சிறுமைப்படுத்த அவருக்குத் தெரியாது. அன்று சொன்னதைப் பிறகும் பல தடவை சொல்லியிருக்கிறார்: "பிழைக்குப் பொய் சொல்லத் தெரியாது. பொய்யெல்லாம் நம்மகிட்டதான்."

இன்னொரு பழக்கமும் அவரிடம் இருந்தது. திரையில் கீறல் விழுந்த பழைய கைப்பேசி ஒன்றைச் சட்டைப் பையில் வைத்திருப்பார். எந்தப் பக்கத்தைச் செய்து முடித்தாலும், அன்று மாலை வத்தேகம பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது அந்தப் பக்கத்தை அந்தக் கைப்பேசியில் திறந்து பார்ப்பார். மலை வளைவுகளில் சிக்னல் வந்துவந்து போகும். மறுநாள் வந்து, "ஆபீஸ்ல ரெண்டு செக்கன்ல வருது. வளைவு தாண்டினா தேத்தண்ணி குடிச்சு முடிக்கலாம்," என்பார். மோகன் சேர் பொறுமை இழப்பார். "அருள், நம்ம வாடிக்கையாளர் யாரும் பஸ்ஸில இருந்து பாக்கிறதில்ல," என்பார். "எங்க அம்மா பாக்கிறாங்களே சேர்," என்பார் இவர்.

இதை இவ்வளவு விரிவாக எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. மெதுவான இணைப்பில் ஒரு பக்கம் எப்படித் தடுமாறும் என்பதை எங்கள் அலுவலகத்தில் அருளைவிட அறிந்தவர் யாருமில்லை. அதனால்தான் பின்னால் நடந்ததை என்னால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை.

ஒரு தொண்டு அமைப்பு, தோட்டத்துப் பெண் பிள்ளைகளுக்குத் தாதியர் பயிற்சி கொடுக்க முன்வந்தது. விண்ணப்பம் இணையத்தில் மட்டும். அந்த விண்ணப்பப் பக்கத்தைச் செய்யும் பொறுப்பு என்னுடையது. ஐந்து ஸ்கிரிப்டுகள். ஒன்று வந்து சேர்ந்த பிறகே அடுத்ததை அழைக்கும்படி எழுதியிருந்தேன். அதனால் பக்கம் மெதுவாகத் திறந்தது. அமைப்பின் ஆட்களுக்குக் காட்டவிருந்த நாளில் சேர் பார்த்துவிட்டு, "இதென்ன நத்தை மாதிரி?" என்று சொல்லிவிட்டுப் போனார். மாலையில் காட்டியபோது பக்கம் சட்டென்று திறந்தது. சேர் அலுவலகத்துக்கு அப்போதுதான் புது இணைப்பு எடுத்திருந்தார். அதனால் வேகமாகிவிட்டது என்று எண்ணிக்கொண்டேன். எல்லோரும் கைதட்டினார்கள். அருளும் தட்டினார்.

விண்ணப்பம் முடிந்து, நேர்முகத் தேர்வுக்கு ஆட்களைக் கூப்பிட்டும் ஆகிவிட்டது. அப்போது ஒரு தாயும் மகளும் மாடி ஏறி வந்தார்கள். நாவலப்பிட்டிப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து வந்திருந்தார்கள். மகளின் பெயர் நிஷாந்தினி. தன் கைப்பேசியில் எடுத்து வைத்திருந்த படத்தைக் காட்டினாள். பச்சை எழுத்தில், 'உங்கள் விண்ணப்பம் கிடைத்தது.'

"எல்லாருக்கும் கடிதம் வந்துருச்சு அக்கா. எனக்கு மட்டும் வரல. அமைப்புல கேட்டா, எம் பேரே இல்லங்குறாங்க," என்றாள்.

தேடினோம். அவளுடைய விண்ணப்பம் எங்கும் இல்லை. அருள்தான் என் மேசைக்கு வந்து காரணத்தைக் கண்டுபிடித்தார். ஒரு மணித்தியாலம்கூட எடுக்கவில்லை. யாரோ லூப்பை மாற்றியிருந்தார்கள். ஒன்று வந்த பிறகு அடுத்தது என்று இருந்ததை, ஐந்தையும் ஒரேயடியாக அழைக்கும்படி ஆக்கியிருந்தார்கள். அப்படி அழைத்தால் எது முதலில் வந்து சேர்கிறதோ அது முதலில் ஓடும். அலுவலகத்து இணைப்பில் ஐந்தும் வரிசை மாறாமல் வந்தன. மலையில் அப்படி வரவில்லை. விண்ணப்பத்தை அனுப்பும் ஸ்கிரிப்ட், தனக்கு முன்னால் வந்திருக்க வேண்டிய இன்னொன்றைக் காணாமல் பாதியில் நின்றுவிட்டது. 'கிடைத்தது' என்று காட்டும் ஸ்கிரிப்ட் மட்டும் ஒழுங்காக வேலை செய்தது. பிள்ளைகள் பொத்தானை அழுத்தினார்கள், பச்சை எழுத்தைப் பார்த்தார்கள், நிம்மதியாகப் படுத்தார்கள். அப்படி எத்தனை பேருடைய விண்ணப்பம் போனது என்று எங்களுக்கு இன்றுவரை தெரியாது. வந்து கேட்டவள் நிஷாந்தினி ஒருத்திதான்.

யார் என்ன மாற்றினார்கள் என்பதைக் கணினி பதிந்து வைக்கும். சேர் அந்தப் பதிவைத் திறந்தார். லூப்பை மாற்றியதற்கு நேரே என் பெயர் இருந்தது.

அதை நான் செய்த நினைவே எனக்கு இல்லை. ஆனால் அந்த வாரங்களில் ஒரு நாளைக்கு எத்தனையோ மாற்றம் செய்தேன். எல்லாம் நினைவிருக்கும் என்று எப்படிச் சொல்வது? பதிவில் என் பெயர் இருக்கிறது. அச்செடுத்த தாளில் சேர் என் பெயரைச் சிவப்புப் பேனையால் வட்டமிட்டு என் மேசையில் வைத்தார். நான் அருளைப் பார்த்தேன்.

"எனக்கு ஞாபகமே இல்ல, அருள்," என்றேன்.

அவர் என் கண்ணைப் பார்த்தே சொன்னார். "களைப்புல செஞ்சிருப்பீங்க ரிஸானா. எல்லாருக்கும் நடக்குறதுதான்."

அந்த வார்த்தையை அன்று ஆறுதலாக எடுத்துக்கொண்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நிஷாந்தினியின் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்கவேண்டும் என்றேன். சேர் வேண்டாம் என்றார். தனியாகப் போகத் தயக்கமாக இருந்தது. அருளிடம் கேட்டேன். வந்தார். கண்டியிலிருந்து நாவலப்பிட்டிக்கு பஸ், அங்கிருந்து ஓட்டோ, பிறகு தேயிலைக்கு நடுவே படி. வழி முழுவதும் அவர் அதிகம் பேசவில்லை. என் துக்கத்துக்கு மரியாதை கொடுக்கிறார் என்று நினைத்தேன். அவர்கள் குடியிருந்த லயத்து வாசலில் எங்களை உட்காரச் சொன்னார்கள். இரண்டே இரண்டு பிளாஸ்டிக் கதிரைகள். எங்களுக்குக் கொடுத்துவிட்டு அந்தத் தாய் நின்றுகொண்டிருந்தார். நான் எழுந்தேன்.

"பிழை என்னுடையது," என்றேன். "நான் பாத்து செஞ்சிருக்கணும். எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல. மன்னிச்சுக்கொள்ளுங்க."

நிஷாந்தினி உள்ளே போய்க் கதவோரமாக நின்றாள். தாய், "வேணும்னா செஞ்சீங்க? விடுங்கம்மா. அடுத்த வருசம் போடலாம்," என்றார். அடுத்த வருடம் அவள் வயதெல்லையைத் தாண்டிவிடுவாள் என்று எனக்குத் தெரியும். அந்தத் தாய்க்குத் தெரியாது. சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பிளேன்டித் தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தார். அருள் அதைக் குடித்தார். ஒரு சொட்டு மீதமில்லாமல் குடித்துவிட்டு, கோப்பையை இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்து, "ரொம்ப நன்றிம்மா," என்றார்.

அதற்கடுத்த வாரம் சேர், "கொஞ்ச நாள் வீட்டுல இருங்க ரிஸானா," என்றார். திரும்பக் கூப்பிடவில்லை. நானே கடிதம் எழுதி விலகினேன். வேலை போனதுகூடப் பெரிதாகத் தோன்றவில்லை. என் கையின் மீதிருந்த நம்பிக்கை போய்விட்டது. வீட்டிலிருந்து சின்னச் சின்ன வேலைகள் செய்யத் தொடங்கினேன். நான்கு வரி லூப் எழுதினால் நாற்பது தடவை பார்ப்பேன். உம்மா சோறு போட்டு வைத்துவிட்டுக் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார். என் நினைவுக்குத் தெரியாமல் என் கை எதையாவது செய்துவிடும் என்ற பயம். ஒருவருக்குத் தன்னையே நம்ப முடியாமல் போனால் அது எப்படி இருக்கும் என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

ஐந்து மாதம் கழித்து, அலுமாரியில் வேறு எதையோ தேடும்போது அந்த அச்சுத் தாள் கையில் வந்தது. அதுவரை அதில் என் பெயரைத் தவிர வேறெதையும் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. அன்று பார்த்தேன். பெயருக்குப் பக்கத்தில் நாளும் நேரமும் இருந்தன. அமைப்பின் ஆட்களுக்குப் பக்கத்தைக் காட்டிய அதே நாள். பிற்பகல் மூன்று நாற்பது.

மூன்று நாற்பதுக்கு நான் அஸர் தொழுதுகொண்டிருப்பேன். கடைக்குப் பின்னால் ஒரு சின்ன அறையில், அந்தக் காலமெல்லாம், தொழக்கூடிய ஒவ்வொரு நாளும். குறிப்பாக அந்த நாளில், வந்தவர்களுக்குக் காட்டுவதற்கு முன் தொழுதுவிட்டுத்தான் வந்தேன் என்பது எனக்குத் தெளிவாக நினைவிருந்தது. நான் எழும்பும்போது அருள் சொன்னதும் நினைவுக்கு வந்தது: "உங்க மெஷின் தெறந்துதானே இருக்கு? நான் கொஞ்சம் பாக்கிறேன்." அப்புறம்தான் பெயருக்குக் கீழே அச்சாகியிருந்த லூப்பையே பார்த்தேன். எண்ணுவதற்கு நான் எப்போதும் i என்ற எழுத்தைப் போடுவேன். தாளில் k இருந்தது. எங்கள் அலுவலகத்தில் k போடுகிறவர் ஒரே ஒருவர்.

அன்றே கண்டி குட்செட் பஸ் நிலையத்துக்குப் போனேன். ஐந்தரைக்கு அவர் வத்தேகம பஸ்ஸுக்கு வருவார் என்று தெரியும். வந்தார். தாளைக் காட்டினேன். நேரத்தின் மேல் விரலை வைத்தேன். அவர் அதைப் பார்த்தார். கையிலிருந்த பையைக் கீழே வைத்தார்.

"நான்தான், ரிஸானா."

"ஏன்?"

"சேர் நத்தைன்னு சொல்லிட்டுப் போனாருல்ல. உங்களுக்கு உதவியா இருக்கட்டும்னுதான் செஞ்சேன். கூட்டம் முடிஞ்சதும் பழையபடி மாத்திடலாம்னு நெனச்சேன். மறந்துட்டேன்."

"அது இல்ல நான் கேட்டது. சேர் என் பேர வட்டம் போட்டு வச்சப்போ ஏன் பேசாம இருந்தீங்க?"

கீழே வைத்த பையைப் பார்த்துக்கொண்டே மனைவியைப் பற்றிச் சொன்னார். பஸ் நடத்துநர்கள் ஊர்ப் பெயர்களைக் கூவிக்கொண்டிருந்தார்கள்.

"ஸ்டெல்லாவுக்கு அப்ப ரெண்டு மாசம். ரெண்டு தடவ கலைஞ்சு போனது உங்களுக்குத் தெரியும். வேலையும் போயிட்டா அவ தாங்கமாட்டான்னு பயந்துட்டேன். முதல் நாள் சொல்லல. ரெண்டாம் நாள் சொல்ல முடியல. அப்புறம் நாவலப்பிட்டி..."

"நாவலப்பிட்டிக்கு ஏன் வந்தீங்க?"

"நீங்க கூப்பிட்டீங்க."

தாளை மடித்தேன். "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, அருள். ஸ்டெல்லாவுக்காக நானே ஏத்துக்கொண்டிருப்பேன். தெரிஞ்சு ஏத்துக்கொண்டிருப்பேன். எனக்குப் பைத்தியம் பிடிக்கப் பாத்துச்சே."

அவர் அழுதார். சுற்றியிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "சேர்கிட்ட சொல்லிடுறேன். இந்த வாரமே," என்றார். பஸ் புறப்பட்டது. ஏறிப் போனார். அதன் பிறகு நான் அவரை உயிரோடு பார்க்கவில்லை.

அன்று மாலை அவரிடமிருந்து ஒரு குரல் பதிவு வந்தது. பதினொரு செக்கன். "ரிஸானா, அந்த லூப்ப மாத்தினது நான்தான். நீங்க இல்ல. நீங்க எந்தப் பிழையும் செய்யல. சேர்கிட்ட சொல்லிடுவேன். கொஞ்சம் பொறுங்க."

பொறுத்தேன். பிள்ளை பிறந்தது என்று அறிந்து சந்தோஷப்பட்டேன், அதுவும் உண்மை. நோன்புப் பெருநாளுக்கு ஒரு பதிவு வரும். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு ஒன்று. "ஈத் முபாரக் ரிஸானா. இன்னும் சொல்லல. சொல்லிடுவேன்." நான் எதற்கும் பதில் போடவில்லை. அந்த முதல் பதிவைச் சேருக்கு நான் அனுப்பியிருந்தால் ஒரு நிமிடத்தில் எல்லாம் முடிந்திருக்கும். அனுப்பவில்லை. அது அவருடைய வாயிலிருந்து வரவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். என் நல்ல பெயரைப் பறித்தவரே அதைத் திருப்பிக் கொண்டுவந்து தரவேண்டும் என்று நினைத்தேன். ஒன்றன்பின் ஒன்றாக வருடங்கள் போயின.

அடக்கத்துக்கு வந்திருந்தேன். உங்களில் பலர் என்னைக் கண்டிருப்பீர்கள். ஆலய மண்டபத்தில் மோகன் சேர் பேசியதையும் கேட்டிருப்பீர்கள். "ஒரு சகா விட்ட பெரிய பிழையை ஒரு மணித்தியாலத்தில கண்டுபிடிச்சுத் திருத்தினவர் அருள். ஒரு நாளும் அந்தச் சகாவைப் பத்திக் குறையா ஒரு வார்த்தை சொன்னதில்ல," என்றார். பழைய அலுவலகத்து ஆட்கள் இரண்டு பேர் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அடக்கம் முடிந்து சேமக்காலையிலிருந்து திரும்பும்போது ஸ்டெல்லா என் கையைப் பிடித்துக்கொண்டார். "பழசையெல்லாம் மனசுல வச்சுக்காதீங்க ரிஸானா. அவரு உங்க மேல ஒரு நாளும் கோபப்பட்டதில்ல," என்றார். என்னை மன்னிக்கிறார் என்று புரிந்தது.

மூன்று வாரம் கழித்து ஸ்டெல்லா கூப்பிட்டார். முப்பத்தோராம் நாள் திருப்பலிக்கு ஒரு மலர் போடுகிறோம், வேலையிடத்து அருளைப் பற்றி நீங்கள்தான் எழுதவேண்டும் என்றார். ஒரு பக்கம் நல்லதாக எழுதிக் கொடுத்துவிடலாம் என்று மூன்று நாள் முயன்றேன். முடியவில்லை. நான்காம் நாள் வத்தேகமவுக்கு பஸ் ஏறினேன்.

நடந்ததை ஸ்டெல்லாவிடம் சொன்னேன். அவர் நம்பவில்லை. நம்பாததில் எனக்கு வருத்தம் வரவில்லை. "அவரே சொன்னதா? எப்ப சொன்னாரு?" என்று கேட்டார். கைப்பேசியை எடுத்து அந்தப் பதினொரு செக்கனைப் போட்டேன்.

குரல் கேட்டதும் ஸ்டெல்லா வாயைப் பொத்திக்கொண்டார். உள்ளே விளையாடிக்கொண்டிருந்த மகள், "டாடியா?" என்று ஓடி வந்து என் மடியில் ஏறி, கைப்பேசியைக் காதில் வைத்துக்கொண்டாள். "திரும்பப் போடுங்க," என்றார் ஸ்டெல்லா. போட்டேன். அழுதார். "இன்னொரு தடவ." மூன்றாவது தடவைதான் அவர் வார்த்தைகளைக் கேட்டார். அழுகை நின்றது. பிள்ளையை உள்ளே போகச் சொன்னார்.

"அந்தப் பொம்பளப் புள்ள வீட்டுக்கு அவரும் கூடத்தான் வந்தாரா?"

"வந்தாரு."

"நீங்க மன்னிப்புக் கேக்கிறப்ப பக்கத்துல இருந்தாரா?"

"இருந்தாரு."

ஸ்டெல்லா வாசல் பக்கம் திரும்பினார். "என்னால பயந்தேன்னு சொன்னாரா? எங்கிட்ட சொல்லியிருந்தா, போய்ச் சொல்லிட்டு வாங்கன்னு நானே அனுப்பியிருப்பேன்," என்றார். பிறகு சொன்னார்: "எழுதுங்க. எம் மக பெரியவளானா வாசிப்பா. பொய்யா ஒன்னும் எழுதாதீங்க. ஆனா அவரு கெட்டிக்காரருன்னும் எழுதுங்க. அதுவும் பொய்யில்லதானே?"

அதுவும் பொய்யில்லை. அவருடைய சம்மதத்தோடுதான் இங்கே எழுதியிருக்கிறேன். அந்தப் பதிவை மோகன் சேருக்கும் அனுப்பினேன். ஒரு நாள் கழித்து அழைத்தார். "நான் நேரத்தைப் பாக்கல ரிஸானா. பேரைத்தான் பார்த்தேன்," என்றார். பிறகு அழைப்பை வைத்துவிட்டார்.

நாவலப்பிட்டிக்கும் போனேன். நிஷாந்தினி அங்கே ஒரு மருந்துக் கடையில் வேலை செய்கிறாள். கடையில் ஆள் குறைந்த நேரம் பார்த்துச் சொன்னேன். மருந்துப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டே கேட்டாள்.

"யாரு செஞ்சா என்னக்கா? எனக்குப் போனது போனதுதானே," என்றாள். கொஞ்சம் கழித்து, "அன்னைக்கு நீங்க எழும்பி நின்னு மன்னிப்புக் கேட்டீங்க. அவரு உக்காந்து தேத்தண்ணி குடிச்சாரு. அது மட்டும்தான் எனக்கு ஞாபகம்," என்றாள்.

அருளை அறிந்தவர்களே, அவர் என் நண்பர். மூன்றரை வருடம் என் பக்கத்தில் இருந்து நான் விட்ட பிழைகளையெல்லாம் என்னைச் சிறுமைப்படுத்தாமல் திருத்தியவர். அதே மனிதர் தன்னுடைய ஒரு பிழையை என் பெயரில் விட்டுவிட்டு நான்கு வருடம் பஸ் ஏறி வீட்டுக்குப் போனார். இந்த இரண்டில் ஒன்றை விட்டுவிட்டு அவரை நினைக்க எனக்குத் தெரியவில்லை. நான் அவரை மன்னித்துவிட்டேனா என்று கேட்காதீர்கள். உயிரோடு இருந்திருந்தால் கேட்டிருப்பார், நானும் எதையாவது சொல்லியிருப்பேன்.

ஸ்டெல்லா கேட்டபடி எல்லாப் பதிவுகளையும் அவருக்கு அனுப்பிவிட்டேன். பிள்ளைக்கு அப்பாவின் குரல் வேண்டும். பெருநாள் வாழ்த்துகளை என் கைப்பேசியிலிருந்து அழித்துவிட்டேன். அவை எல்லாம் தவணை சொன்னவை. முதலாவதை மட்டும் வைத்திருக்கிறேன். அதில் அவருடைய குரல் நடுங்குகிறது, பின்னால் பஸ் இரைகிறது, "நீங்க எந்தப் பிழையும் செய்யல" என்று சொல்கிறார். அருளிடமிருந்து எனக்கென்று எஞ்சியது அந்தப் பதினொரு செக்கன்தான்.